விசில்காரர் மாடிப்படி ஏறிய மத்தியானம்

உங்கள் அறைத் திரைச்சீலை ஒரு பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, ஐயா. துணியை வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறை நனைத்துக் காயப்போட்டிருக்க வேண்டும். அவசரத்தில் விட்டிருப்பார்கள். முதல் சலவையிலேயே துணி தன் குணத்தைக் காட்டிவிடும். நான் திரைச்சீலை தைத்துப் பிழைப்பவள், அதனால் எந்த அறைக்குள் போனாலும் கண் முதலில் அங்கேதான் போகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்விக்கு வருகிறேன். அன்று மத்தியானம் விசில்காரருக்கு எதற்காகப் போன் செய்தேன் என்று கேட்டீர்கள். ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரே வரியில் சொன்னால் நான் பொல்லாதவளாகத் தெரிவேன். கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். உங்களுக்கும் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

என் வீட்டுக்காரர் போருக்குப் போவதற்கு முன்னால் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள உயரமான கட்டடங்களில் பாதி அவர் கைபட்டவை. எங்கள் வீடு மூன்றாவது மாடி, அதற்கு லிஃப்ட் கிடையாது. "ஊரையெல்லாம் மேல ஏத்தி விடறவன் வீட்டுக்கு மூச்சு வாங்க நடந்துதான் போகணும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரிப்பதற்கென்றே பிறந்த மனிதர். டீக்கடையில் நின்றால் நாலு பேர் கூடுவார்கள். யார் வீட்டிலாவது குழாய் உடைந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஊருக்கே சொந்தக்காரர். ராத்திரி படுக்க மட்டும் வீட்டுக்கு வருவார். கை நீட்டியது கிடையாது, கடுஞ்சொல் சொன்னது கிடையாது. நான் சொல்வதைக் கேட்பார். ஆனால் கேட்கும்போதே கண் வாசல் பக்கம் போய்விடும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் தையல் மெஷினோடுதான் பேசிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் அது பெரிய பொய்யாக இருக்காது.

பிறகு போர் வந்தது. ஆள் எடுத்தார்கள், போனார். போனதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. எல்லார் வீட்டிலும் நடந்ததுதான்.

திரும்பி வந்தபோது காது மடலில் ஒரு தீக்காயம், அவ்வளவுதான். கை கால் எல்லாம் முழுசாக இருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் எனக்கு யோகம் அடித்தது என்றார்கள். என் நாத்தனார், அவருடைய தங்கை, என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். வந்த அன்றைக்கு அவர் யாரோடும் பேசவில்லை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு இடுக்கு இருக்கிறது, துணி உருளைகளை அங்கே சாத்தி வைப்பேன். அதை எல்லாம் எடுத்து வெளியே போட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்துகொண்டார். சாப்பிட வாங்க என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். தட்டைக் கொண்டுபோய் நானே ஊட்டினேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.

அந்த நிமிஷம் எனக்கு என்னவோ செய்தது, ஐயா. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான்.

வெளிச்சம் அவருக்கு ஆகவில்லை. தெருச்சத்தமும் ஆகவில்லை. நல்ல கனமான துணியில், உள்ளே கறுப்பு அடித்துணி கொடுத்து, ஜன்னலுக்கெல்லாம் திரை தைத்துப் போட்டேன். பட்டப்பகலிலும் வீடு சாயங்காலம் மாதிரி இருக்கும். கீழே கடைக்காரர் ஷட்டரை இழுத்தால் அவர் உடம்பு தூக்கிப்போடும். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வேன். "நான் இங்கதான் இருக்கேன்" என்பேன். "போயிடாதே" என்பார். நான் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட "எங்க போற?" என்பார். இதைச் சிறை என்று என் நாத்தனார் ஒருமுறை சொன்னாள், எனக்காகப் பரிதாபப்பட்டு. "அண்ணி, உங்க வாழ்க்கையும் இதுக்குள்ளயே முடிஞ்சு போச்சே. நீங்க இல்லேன்னா எங்க அண்ணன் என்னிக்கோ போய்ச் சேர்ந்திருப்பான்" என்றாள். அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது. முடிந்துபோனதாக எனக்குத் தோன்றவில்லை. அப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்று தோன்றியது.

தெருவில் நான் நடந்துபோனால் வழிவிட்டு நின்றார்கள். துணிக்கடை முதலாளியம்மா எனக்கு நாற்காலி போடச் சொன்னாள். முன்பெல்லாம் அவள் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

ஒருநாள் அந்த இடுக்கில் அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். தானாகவே சொல்ல ஆரம்பித்தார். ஒரு மாவு மில்லின் நிலவறை. அவரும் இன்னும் இரண்டு பேரும் கீழே இருக்கும்போது கட்டடம் மேலே சரிந்துவிட்டது. கை அசைக்க இடமில்லை. பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் முதலில் பேசிக்கொண்டிருந்தார்கள், பிறகு முனகினார்கள், பிறகு ஒருவரிடமும் சத்தம் இல்லை. அதற்கப்புறம் மேலே காலடி கேட்டிருக்கிறது. பேச்சே இல்லை, மெத்து மெத்தென்று காலடி மட்டும். எங்கேயாவது முனகல் கேட்டால் காலடி அங்கே போய் நிற்கும். ஒரு வெடிச்சத்தம் கேட்கும். மறுபடி காலடி. இவர் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்கிக் கிடந்திருக்கிறார். அவர்கள் போய் வெகுநேரத்துக்குப் பிறகு ஒரு விசில் சத்தம் வந்திருக்கிறது. ஏதோ அர்த்தமில்லாத ஒரு மெட்டு. கூட்டாளி ஒருவர் இடிபாடுகளின் மேல் விசிலடித்துக்கொண்டே நடந்திருக்கிறார். உள்ளே உயிரோடு யாராவது இருந்தால், வருவது நம்ம ஆள் என்று தெரிய வேண்டும், பயப்படாமல் குரல் கொடுக்க வேண்டும் என்பதற்காக. அவர்தான் கையாலேயே கல்லை அள்ளி இவரை வெளியே எடுத்தவர்.

"விசில் வந்தா அவன். வெறும் காலடின்னா அவனுங்க" என்றார் என்னிடம். "இத யார்கிட்டயும் சொல்லாத."

நான் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

அந்தக் கூட்டாளிதான் நீங்கள் விசாரிக்கிற விசில்காரர். படையில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எங்கள் விலாசத்தை எப்படியோ தேடிப்பிடித்து ஒருநாள் வந்து சேர்ந்தார். கீழ்ப்படியில் கால் வைக்கும்போதே விசில் கேட்டது. இடுக்கில் இருந்தவர் எழுந்து நின்றார். நான் ஒருவருஷமாகக் கெஞ்சியும் வாசல் பக்கம் வராதவர் தானே போய்க் கதவைத் திறந்தார். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் தட்டில் தேநீரோடு நின்றேன். என்னை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

விசில்காரர் நல்ல மனிதர். அதை நான் மறுக்கவே மாட்டேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணா என்பேன். ஒரு லிஃப்ட் கம்பெனிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்த படைவீரர்களைப் பார்க்கிற டாக்டரம்மா ஒருவரிடம் இவரை அழைத்துப் போனதும் அவர்தான். அந்த டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார், பேசவைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகப் பழக்குங்கள் என்றார். முதலில் மாடிப்படி வரைக்கும். பிறகு தெருமுனை வரைக்கும். பிறகு டீக்கடை. விசில்காரர் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும் வழியில் வந்து கூட்டிக்கொண்டு போவார். இடுக்கில் உட்காருவது குறைந்தது. ராத்திரியில் தூங்கினார். தூங்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வதும் நின்றது.

நான் சந்தோஷப்பட்டேன், ஐயா. எந்த மனைவி சந்தோஷப்பட மாட்டாள். ஒருநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது அவர் முன்னறைத் திரையை முழுசாக இழுத்துத் திறந்துவிட்டு, ஜன்னலில் சாய்ந்துகொண்டு, கீழே யாரோடோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். வெயில் என் மெஷின்மேல் அடித்தது. அதன்மேல் எவ்வளவு தூசி படிந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. "தேநீர் போடட்டுமா?" என்று கேட்டேன். "வேணாம், கீழ போய்க் குடிச்சுக்கறேன்" என்றார்.

அன்றைக்குச் சமையலறையில் என் கை தவறி ஒரு பெரிய தட்டு கீழே விழுந்தது. அது தற்செயல்தான். படியிறங்கப் போனவர் திரும்பி ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று முழுக்க வெளியே போகவில்லை.

அடுத்த வாரம் விழுந்த தட்டு தற்செயல் இல்லை.

இதைச் சொல்லும்போது உங்கள் பேனா நின்றுவிட்டது. பரவாயில்லை, நான் காத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். குழந்தை நடக்கப் பழகும்போது ஓட ஆரம்பித்தால் தாய் பிடித்து உட்காரவைக்க மாட்டாளா. அவர் ஓட ஆரம்பித்துவிட்டார். விழுந்தால் யார் தூக்குவது. நான்தான் தூக்க வேண்டும். அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

மாத்திரை விஷயமும் அப்படித்தான். மஞ்சளாக, சின்னதாக இருக்கும். அதே நிறத்தில், கிட்டத்தட்ட அதே அளவில் சத்து மாத்திரை ஒன்று எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். உடம்புக்கு ஒரு கெடுதலும் கிடையாது. சத்து மாத்திரைதானே.

இரண்டு மூன்று வாரத்தில் பழைய மாதிரி ஆகிவிட்டார். திரையை இழுத்து மூடினேன். துணி உருளைகளை மறுபடி எடுத்து வெளியே வைத்தேன். டாக்டரம்மாவுக்குக் குழப்பம். நன்றாக வந்துகொண்டிருந்தவர் ஏன் சறுக்கினார் என்று என்னைக் கேட்டார். "போரில் என்ன பார்த்தாரோ, யாருக்குத் தெரியும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்து, "உங்க பொறுமைதாம்மா இவருக்கு மருந்து" என்றார். படித்தவர் சொன்னது. நான் சொன்னதில்லை.

ஆனால் விசில்காரர் விடவில்லை. முன்னைவிட அடிக்கடி வந்தார். ஒருநாள் மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்தார், ஒரு மாத்திரையை வாசல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். அவர் என்ன நினைத்தாரோ எனக்குத் தெரியாது. கோபமாக ஒன்றும் சொல்லவில்லை.

"தங்கச்சி, இனிமே மாத்திரைய நானே டாக்டர்கிட்ட வாங்கிட்டு வந்து தினம் குடுத்துட்டுப் போறேன். உனக்கும் ஒரு வேலை குறையும்."

"உங்களுக்கு எதுக்கு அண்ணா சிரமம்?"

"என்ன சிரமம். போற வழிதானே. நீயும் கொஞ்சம் மூச்சு விடு."

சொன்னபடியே செய்தார். தினமும் காலையில் விசில் படியேறி வரும். மாத்திரையைக் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போவார். நான் தட்டுகளைக் கீழே போட்டுப் பார்த்தேன். திடுக்கிடுவார், பிறகு தானே மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, "தட்டுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். டாக்டரம்மா கற்றுக்கொடுத்தது. கடைசியில் என்னைப் பார்த்து, "உனக்கு என்ன, கையில எண்ணெயா?" என்று கேலி செய்கிற அளவுக்கு வந்துவிட்டார். அந்தப் பழைய சிரிப்பு.

பிறகுதான் அந்த வேலை வந்தது. துறைமுகப் பட்டணத்தில் லிஃப்ட் கம்பெனிக்குக் கிளை திறக்கிறார்கள். விசில்காரர் அங்கே மாறிப் போகிறார், இவருக்கும் சொல்லிவைத்திருக்கிறார். டாக்டரம்மா முதலில் யோசித்தார், பிறகு நல்லது என்றுவிட்டார். ஒரு சின்ன அறை எடுத்து இரண்டு பேரும் தங்குவார்கள். நான் பிறகு வரலாம். இதையெல்லாம் மூன்று பேரும் பேசி முடிவு செய்துவிட்டு என்னிடம் சொன்னார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர்தான் சொன்னார்.

"முதல்ல நான் போறேன். உன் கையில இருக்கிற வேலையெல்லாம் முடிச்சுட்டு நீ மெதுவா வா."

"நான் இல்லாம உங்களுக்குத் தூக்கம் வருமா?"

"வரலேன்னா முழிச்சிருக்கேன். அவன் இருக்கான்ல, பேச்சுத் துணைக்கு."

சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் போடு என்று தட்டை நீட்டினார். போட்டேன். அவர் என்னை வெறுத்துவிட்டுப் போகிறேன் என்றிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். வெறுக்கவில்லை. என்னை நினைக்கவே இல்லை. ஒரு வீட்டில் இத்தனை நாள் மாட்டிக்கொண்டிருந்தார், கதவு திறந்துவிட்டது, போகிறார். உள்ளே இன்னொருத்தி இருக்கிறாள் என்பது அவர் நினைவுக்கே வரவில்லை.

விசில்காரர் அறை பார்த்து, சாமான் வாங்கிப் போட்டுவிட்டு வர முன்கூட்டியே பட்டணம் போக வேண்டியிருந்தது. ஒரு வாரம் ஆகும் என்றார். மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். என் வீட்டுக்காரர்தான், "அவகிட்ட குடுடா. இவ்வளவு நாள் என்னைப் பாத்துக்கிட்டது அவதானே" என்றார்.

விசில்காரர் டப்பாவை என் கையில் கொடுத்தார். "உன்னை நம்பித்தான் போறேன், தங்கச்சி" என்றார். என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன். தெரிந்தும் நம்பிப் பார்த்தார். சில மனிதர்கள் அப்படி.

அந்த வாரம் சத்து மாத்திரைதான் கொடுத்தேன். தட்டு எதையும் கீழே போடவில்லை. தட்டுக்கு அவர் பழகிவிட்டாரே. மெஷினில் தைத்துக்கொண்டே, பாதியில் நிறுத்திவிட்டு, வாசல் பக்கம் காதை வைத்துக் கேட்பேன்.

"என்ன?" என்பார்.

"ஒண்ணும் இல்ல. படியில யாரோ நடந்த மாதிரி இருந்துது."

"அவனா?"

"இல்ல, விசில் கேக்கலயே. வெறும் காலடிதான். என் பிரமையா இருக்கும், நீங்க சாப்பிடுங்க."

இவ்வளவுதான் பேச்சு. மறுநாள் ஒருதடவை. அதற்கடுத்த நாள் இரண்டு தடவை. பிறகு நான் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார். வாரக் கடைசியில் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். நான் திரைகளை இறுக்கி மூடினேன். வாடிக்கையாளர் ஒருவருக்காகத் திரை மாட்டும் இரும்புக் குழாய்கள் வாங்கி மெஷின் பக்கத்தில் சாத்தியிருந்தேன். கூட்டிப் பெருக்க இடைஞ்சலாக இருந்தது. கதவோரம் நகர்த்தி வைத்தேன்.

இதை நீங்கள் இரண்டுதரம் கேட்டுவிட்டீர்கள். இடைஞ்சலாகத்தான் இருந்தது, ஐயா. ஆனால் அன்றைக்கு நான் வீட்டைக் கூட்டவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

விசில்காரர் பட்டணத்திலிருந்து நேராக வேனில் வருவதாகத் தகவல் சொல்லியிருந்தார். இவரை ஏற்றிக்கொண்டு அப்படியே திரும்பிப் போக வேண்டியது. பெட்டி கட்டி வைத்தாயிற்று, நான்தான் கட்டினேன். சட்டைகளை எல்லாம் தேய்த்து மடித்து வைத்தேன். மத்தியானம் அவர் ஊருக்குள் வந்திருப்பார் என்று தெரிந்ததும் சமையலறைக்குப் போய்ப் போன் செய்தேன். நீங்கள் கேட்ட போன் அதுதான்.

"அண்ணா, அவருக்குத் தலைவலி. ராத்திரி முழுக்கத் தூங்கல. இப்பத்தான் கண்ணசந்திருக்கார்."

"அப்படியா? மாத்திரை போட்டானா?"

"போட்டார். நீங்க இன்னிக்கு மட்டும் விசிலடிக்காம வாங்க. சத்தம் கேட்டா எழுந்துடுவார். கதவு சும்மாதான் சாத்தியிருக்கும், மெதுவாத் தள்ளிட்டு உள்ள வாங்க."

வேனை ஓரங்கட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி தங்கச்சி, தூங்கட்டும் பாவம்" என்றார்.

தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன். கதவுக்குப் பின்னால் நின்றவரிடம், "நூல் தீந்து போச்சு, கீழ போய் வாங்கிட்டு வந்துடறேன். கதவச் சாத்திக்கறேன், பயப்படாம இருங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்தார். "போகாத. வருவானுங்க" என்றார். நான் அவர் விரல்களை மெதுவாகப் பிரித்து எடுத்தேன். உங்களிடம் மறைக்க மாட்டேன், அப்போதுதான் எனக்குப் போக மனமே வரவில்லை.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் நூல்கடை. சாம்பல் நிறத்தில் நூல் கேட்டேன். கடைக்காரர் கொடுத்த உருளையை வெளியே எடுத்து வந்து வெயிலில் பிடித்து நிறம் சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேன் வந்து நின்றது. விசில்காரர் இறங்கினார். கையில் ஒரு புதுத் தொப்பி, வேலைக்காரர்கள் போடுகிற கெட்டித் தொப்பி, இவருக்காக வாங்கியிருப்பார். என்னைப் பார்த்தார். உதட்டில் விரலை வைத்துக் காட்டினார், நான் ஞாபகம் வைத்திருக்கிறேன் என்று சொல்வதுபோல. சிரித்தார். வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அதுவும் சத்தம் கேட்காமல் இருக்கத்தான். அவ்வளவு அக்கறை அவருக்கு. மெதுவாகப் படியேறினார்.

அப்போது ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். நீங்கள் அதைத்தான் கேட்கப்போகிறீர்கள். வாய் திறக்கவில்லை. அந்தச் சாம்பல் கொஞ்சம் நீலம் கலந்ததாக இருந்தது. வேறு உருளை கேட்டேன்.

நான் மேலே போனபோது எல்லாம் முடிந்திருந்தது. குழாய் ஒன்று கீழே கிடந்தது. நான் திரையை விலக்கினேன், அது ஒன்றுதான் எனக்குச் செய்யத் தோன்றியது. வெளிச்சம் வந்ததும்தான் அவர் முகத்தைப் பார்த்தார், தான் அடித்த ஆளின் முகத்தை. மண்டியிட்டு உட்கார்ந்தார். அந்த மனிதரின் காதருகே குனிந்து விசிலடிக்கப் பார்த்தார், ஐயா. உதட்டைக் குவித்துக் குவித்துப் பார்த்தார். காற்றுதான் வந்தது. கீழே புதைந்து கிடப்பவருக்கு நம்ம ஆள் வந்திருக்கிறான் என்று தெரியப்படுத்துவதற்காக இருக்கலாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைத் தொட்டேன். "நான் இங்கதான் இருக்கேன்" என்றேன்.

தெருவே அழுதது. போர் இன்னும் முடியவில்லை, வீட்டுக்குள் வந்து கொல்கிறது என்று பேசிக்கொண்டார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் என்னைப் படம் எடுத்துக்கொண்டு போனார். விசில்காரரின் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் புருஷன்மேல எனக்குக் கோபம் இல்லம்மா, அவனும் என் புள்ளதான்" என்று சொன்னார். அவருக்கு நான் சாப்பாடு போட்டு அனுப்பினேன்.

எல்லாம் அப்படியே போயிருக்கும். மனநிலை சரியில்லாதவர் செய்தது என்று எழுதி முடித்திருப்பீர்கள். அவரைப் பூட்டுப்போட்ட வார்டில் வைத்தார்கள். நான் தினமும் போக அனுமதி கேட்டேன், கிடைக்கவில்லை. அங்கே டாக்டரம்மாவிடம் அவர் எதுவுமே பேசவில்லையாம், ஒரே ஒரு வாக்கியத்தைத் தவிர. "அவன் விசிலடிக்காம வரமாட்டான்." அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். பிறகு ஒருநாள், "யாரோ வேண்டாம்னு சொல்லியிருக்கணும்" என்றிருக்கிறார். அதை டாக்டரம்மா உங்களிடம் சொல்லியிருக்கிறார், நீங்கள் போனை எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள். கெட்டிக்காரர்கள்தான்.

சரி, ஒரே வரியில் கேட்டீர்களே, இப்போது சொல்கிறேன். விசில்காரரைக் கொன்றது நான். என் வீட்டுக்காரரின் கையை வைத்துக் கொன்றேன். அவர் சாக வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. இவர் போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கு வேறு வழி இருந்திருந்தால் அதைச் செய்திருப்பேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவரை அந்த வார்டிலிருந்து எடுத்து என் பக்கத்தில் எங்கேயாவது வையுங்கள். அங்கே அவரை யாரும் சரியாகக் கவனிப்பதில்லை. முந்தாநாள் உங்கள் ஆட்கள் என்னை அந்தப் பக்கம் கூட்டிப்போனபோது கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். நர்ஸோடு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டு அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். உடம்பெல்லாம் உதறியது. கதவைத் திறக்க வேண்டாம், திறக்க வேண்டாம் என்று கத்தினார். என்னைப் பிரிந்து நாலு நாள் இருந்ததற்கே மனுஷன் எப்படி ஆகிவிட்டார், பார்த்தீர்களா?